முதல் வீட்டுக்கு மூன்று பேர்



கொஞ்சம் நீளமான பதிவு. வாடகை வீட்டில் இருப்பவர்களும் பிள்ளைகளுக்கு வீடு தேடித் திரிபவர்களும் நேரம் ஒதுக்கி வாசித்தால் சந்தோஷம்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, இடைவேளை நேரம். புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கல்யாணமாகி இரண்டு வருடம், கைக்குழந்தை ஒன்று, வாடகை வீடு.

“சேர், ஒரு ஊடு பாத்திருக்கன். பத்து பேர்ச். வெள்ளிக்கிழம அஞ்சு லட்சம் அட்வான்ஸ் குடுக்கச் சொல்றாங்க. மிச்சத்துக்கு லோன் போடணும். யார்ட்ட போய் என்ன கேக்கிற எண்டே வெளங்குதில்ல.”

“உறுதியப் பாத்தீங்களா?”

“புரோக்கர் ஒரு போட்டோ கொப்பி தந்தார்.”

“அத யார்ட்டயாவது காட்டினீங்களா?”

பதில் வரவில்லை. மணி அடித்தது, அவர் 8ஆம் தரத்துக்குப் போய்விட்டார்.

யாரிடம் போய்க் கேட்பது? வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஒரு கேள்வி வந்தால், நமக்கு முன்னால் இருந்தவர்கள் இதற்கு என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்ப்பது பழக்கம். தேடிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: முதல் வீட்டை யாரும் எந்தக் காலத்திலும் தனியாக வாங்கவில்லை. மூன்று பேருடைய உதவி தேவைப்பட்டிருக்கிறது. காசு தருகிறவர் ஒருவர். எழுதித் தருகிறவர் ஒருவர். இந்தக் கொடுக்கல் வாங்கலில் தனக்கு ஒரு சதமும் கிடைக்காமல் உண்மையைச் சொல்லுகிறவர் மூன்றாமவர். முதல் இரண்டு பேருக்கும் இன்று கட்டடங்கள் இருக்கின்றன, பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. மூன்றாமவரைத்தான் காணவில்லை.

மதீனாவில் இருந்து தொடங்குவோம்

ஹிஜ்ரத் செய்து வந்த முஹாஜிர்களுக்கு மதீனாவில் வீடு இல்லை, காணி இல்லை, கையில் பெரிதாகக் காசும் இல்லை. நபி (ஸல்) அவர்களே அபூ அய்யூப் அல் அன்சாரி (ரழி) அவர்களுடைய வீட்டில்தான் தங்கினார்கள், பள்ளிவாசலும் அதை ஒட்டிய அறைகளும் கட்டப்படும் வரைக்கும்.

அந்தப் பள்ளிவாசல் காணியின் கதையை நாம் சிறு வயதில் மத்ரஸாவில் கேட்டிருப்போம். ஈத்தம்பழம் காயவைக்கும் இடம் அது. ஸஹ்ல், சுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தம். அவர்கள் சும்மாவே தருகிறோம் என்றார்கள். நபியவர்கள் ஏற்கவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள். சின்னப் பிள்ளைகளின் சொத்து, அன்பளிப்பாகக் கிடைக்கிறது, கேட்பாரும் இல்லை. அப்படியிருந்தும் விலை கொடுக்கப்பட்டது. இந்தச் சம்பவத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே மதீனாவில் ஸஅத் இப்னு ரபீஃ (ரழி) தன் சொத்தில் பாதியைத் தருவதாக அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களிடம் சொன்னார். அவரோ, அல்லாஹ் உங்கள் சொத்தில் பரக்கத் செய்யட்டும், எனக்குச் சந்தைக்கு வழி காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நெய்யும் பாற்கட்டியும் விற்றுத் தன் காலில் நின்றார். இந்தக் கதையைச் சொல்லும்போது வழக்கமாக அவருடைய சுயமரியாதையைப் பற்றிப் பேசுவோம். சந்தைக்கு வழி காட்டியவரும் அந்தக் கதையில் இருக்கிறார். ஊருக்குப் புதியவனுக்கு எந்தச் சந்தை, எந்த வழி என்று சொல்வதும் ஒரு உதவிதான்.

எழுத்துக்கும் அங்கேயே அடித்தளம் இடப்பட்டது. குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரா பகராவின் 282ஆவது வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுகிறவர் நீதியாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், சாட்சிக்கும் எழுதுபவருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்றெல்லாம் விபரமாகச் சொல்கிறது. நாமோ காணி வாங்கும்போது “நம்மட ஆள்தானே” என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

எங்கள் ஊர்களில் வீடு எப்படி வந்தது?

கிழக்கு மாகாணத்து நண்பர்களிடம் “முதல் வீடு எப்படி வாங்கினீர்கள்?” என்று கேட்டால் சிரிப்பார்கள். அங்கே பல ஊர்களில் ஆம்பிளை வீடு வாங்குவதில்லை, பெண் வீட்டுக்குப் போகிறார். மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே வீடு பேசப்படும். உம்மா வாப்பா தாங்கள் இருந்த வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. தமிழ்ச் சகோதரர்களிடமும் முஸ்லிம்களிடமும் அந்தக் கரையோரத்தில் பொதுவாக இருந்த வழக்கம் இது.

இந்த வழக்கத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. வீடு பெண்ணின் பெயரில் இருந்தது. கணவன் கைவிட்டாலும் மௌத்தானாலும் அவள் தெருவுக்கு வர வேண்டியதில்லை. அது பெரிய பாதுகாப்பு. மறுபக்கம், அந்த வீட்டுக்கான கல்லும் சீமெந்தும் எங்கிருந்து வந்தன? வாப்பாவின் முதுகில் இருந்து, நானாமாரின் இளமையில் இருந்து. 1970களின் கடைசியில் மத்திய கிழக்கு திறந்த பிறகு எத்தனை பேர் மூன்று தங்கச்சிக்கும் வீடு கட்டி முடிக்கும் வரை ஜித்தாவிலும் குவைத்திலும் தலை நரைத்தார்கள்! வீடு இல்லாத வீட்டுப் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் கல்யாணம் ஆகாமலேயே இருந்தார்கள்! உதவி என்று வருவது எதுவும் இனாமாக வருவதில்லை. யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்கிறார்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இன்னொரு விஷயம் வெளியே வந்தது. மருதமுனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் அழிந்த வீடுகளில் ஏராளமானவை பெண்களுக்குச் சொந்தமானவை. ஆனால் புதிய வீடு கொடுக்கும்போது படிவத்தில் “குடும்பத் தலைவர்” என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணிடம் இருந்த உரிமை ஒரு படிவத்தால் ஆணிடம் போனதைப் பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் அன்றே சுட்டிக்காட்டினார்கள். வீடு கிடைத்ததா என்பதோடு நின்றுவிடாதீர்கள். உறுதியில் யார் பெயர் என்பதையும் கேளுங்கள்.

சீட்டில் பிறந்த வங்கி

ஒவ்வொரு ஆசிரியர் அறையிலும் ஒரு சீட்டு ஓடும். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் இவ்வளவு, முதலாவது யாருக்கு என்று குலுக்கல். அல்லது ஏலம். கடைசி ஆள் எடுத்ததும் சீட்டு முடிந்தது.

இங்கிலாந்தில் வீட்டுக்கடன் இப்படித்தான் தொடங்கியது. 1775இல் பர்மிங்ஹாம் நகரத்தில் ‘கோல்டன் குரொஸ்’ என்ற விடுதியை நடத்திய ரிச்சர்ட் கெட்லி என்பவர் ஒரு சங்கம் ஆரம்பித்தார். உலகத்தின் முதல் கட்டடச் சங்கம் என்று சொல்வது இதைத்தான். அங்கத்தவர்கள் மாதாமாதம் ஒரு தொகை போடுவார்கள். சேர்ந்த பணத்தில் ஒருவருக்கு வீடு. பிறகு அடுத்தவருக்கு. எல்லோருக்கும் வீடு கிடைத்ததும் சங்கம் கலைந்துவிடும். நம்முடைய சீட்டேதான், தொகைதான் பெரிது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. அந்தச் சங்கத்தில் காசு தருகிறவரும் காசு எடுக்கிறவரும் ஒரே ஆட்கள். ஒருவர் மோசமான வீட்டுக்குக் காசு கட்டப்போனால் மற்ற எல்லோருக்கும் நட்டம். ஆகவே எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள்: காணி சரியா, கட்டுகிறவர் நேர்மையானவரா, விலை நியாயமா? காசும் புத்திமதியும் ஒரே மேசையில் கிடைத்தன.

1840களில் நிரந்தரச் சங்கங்கள் வந்தன. வீடு தேவையில்லாதவரும் பணம் வைப்பிலிடலாம், வட்டி பெறலாம். சங்கம் கலையத் தேவையில்லை. அதனால் இலட்சக்கணக்கானோருக்கு வீடு கிடைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து கடன் தருகிறவர் ஒரு பக்கம், எடுக்கிறவர் மறுபக்கம் என்று ஆகிவிட்டது. புத்திமதி சொல்லும் மேசை காணாமல் போனது.

இலங்கையில் அரசு வந்த கதை

நம் நாட்டில் வெள்ளைக்காரர் காலத்து வங்கிகள் தோட்டங்களுக்கும் ஏற்றுமதிக் கம்பனிகளுக்கும் கடன் கொடுத்தன. சாதாரண ஆளுக்குக் கடன் என்றால் நாட்டுக்கோட்டைச் செட்டியார்தான், அல்லது ஊரில் உள்ள ஈட்டுக்காரர். 1929இல் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது ஈடு வைத்த காணிகளை மீட்க முடியாமல் பலர் இழந்தார்கள். 1931இல் அரச ஈட்டு வங்கி தோன்றியது. நீண்டகாலத் தவணையில் காணியை ஈடாக வைத்துக் கடன் பெற ஒரு அரச நிறுவனம் அப்போதுதான் வந்தது. பின்னர் அது விவசாயக் கைத்தொழில் கடன் கூட்டுத்தாபனத்தோடு இணைந்து, இன்றைய அரச ஈட்டு முதலீட்டு வங்கியானது.

1953இல் தேசிய வீடமைப்புத் திணைக்களம், 1954இல் தேசிய வீடமைப்புச் சட்டம். 1973இல் இன்னும் பெரிய ஒரு அடி: வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம். ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரையறை வந்தது. மேலதிக வீடுகளை அரசு எடுத்தது, வாடகைக்கு இருந்தவர் அந்த வீட்டையே வாங்க விண்ணப்பிக்க முடிந்தது. கொழும்பில் பல குடும்பங்களுக்கு முதல் சொந்த வீடு அப்படித்தான் கிடைத்தது. வீடு கொடுத்தவர்களுக்கு அது ஆறாத காயமாக இருந்தது என்பதும் உண்மை. அதே ஆண்டில்தான் மாடிவீட்டுக்குத் தனியாக உறுதி எழுதும் சட்டமும் வந்தது.

1978இல் இலட்சம் வீட்டுத் திட்டம், 1979இல் தேசிய வீடமைப்பு அதிகார சபை, 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம். இந்தக் கடைசித் திட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரணசிங்க பிரேமதாசவின் அரசியலைப் பற்றி ஆயிரம் கருத்து இருக்கலாம். ஆனால் அந்தத் திட்டத்தின் அடிப்படை எண்ணம் உலகமே கவனித்தது. ஏழைகள் எப்படியும் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள், அரசு அவர்களுக்குக் கட்டிக் கொடுப்பதை விட, சிறிய கடனும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்து ஒதுங்கி நிற்பதே நல்லது என்பது அந்த எண்ணம். எந்த மாதிரி வீடு, எத்தனை அறை, கூரைக்கு ஓடா தகடா என்று தீர்மானித்தது குடும்பமே. 1987ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாகப் பிரகடனம் செய்ததும் இலங்கை வைத்த முன்மொழிவால்தான்.

எங்கே பிழைத்தது? கடன் திரும்பி வருவதில். அரசு தந்த காசு, அடுத்த தேர்தலுக்கு முன் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்ற நினைப்பு. அந்த நேரத்தில் கடன் வழங்கும் வேலையில் ஒரு பகுதி சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களிடம், சிங்களத்தில் ‘சணச’ என்பவற்றிடம், போனது. அங்கே நிலைமை வேறாக இருந்தது. கடன் கேட்பவரை ஊருக்குத் தெரியும். அவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்பதும் தெரியும். கட்டக்கூடியவருக்குக் கட்டக்கூடிய தொகை. இது கெட்லியின் பழைய மேசைதான், வேறு பெயரில்.

1984இலேயே வீடமைப்பு அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபனமும் தொடங்கியது. இன்று வங்கியாக இருக்கும் அது முதலில் பதிவானது ஒரு கட்டடச் சங்கமாக. தனியார் துறையில் இருப்பவர்கள் ஊழியர் சேமலாப நிதியின் மீதியைப் பிணையாகக் காட்டி வீட்டுக்கடன் எடுக்கும் வழியும், எங்களைப் போன்ற அரச ஊழியருக்குச் சலுகை வட்டியில் ஆதனக் கடனும் வந்தன. இதைப் பற்றித் தெரியாமலேயே வெளியில் கூடிய வட்டிக்குப் போகும் ஆசிரியர்களை நான் கண்டிருக்கிறேன்.

வட்டி என்ற சுவர்

நம் சமூகத்தில் பலர் இந்த வாசல்கள் எதற்குள்ளும் போகவில்லை. காரணம் தெரியும். வட்டி. அல்லாஹ்வுக்குப் பயந்து ஒதுங்கியவர்கள் நகையை விற்றார்கள், கைமாற்று வாங்கினார்கள், இருபது வருடம் வாடகை கட்டினார்கள்.

2005இல் வங்கிச் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் இஸ்லாமிய முறையில் வங்கித் தொழில் செய்யச் சட்டரீதியான வழி திறந்தது. 2011இல் முழுமையான இஸ்லாமிய வங்கி ஒன்று இங்கே தொழிற்படத் தொடங்கியது. வேறு வங்கிகளும் தனிப் பிரிவுகள் வைத்திருக்கின்றன. வீட்டுக்குப் பெரும்பாலும் பாவிப்பது ‘குறைந்து செல்லும் முஷாரகா’. உதாரணமாக ஒரு கோடி ரூபாய் வீடு. உங்களிடம் 20 இலட்சம், வங்கி 80 இலட்சம். வீட்டில் ஐந்தில் நாலு பங்கு வங்கியுடையது. அந்தப் பங்குக்கு நீங்கள் வாடகை கட்டுகிறீர்கள், கூடவே மாதாமாதம் அந்தப் பங்கையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறீர்கள். கடைசியில் வீடு முழுக்க உங்களுடையது.

இங்கேயும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. வாடகை எதை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும்? இடையில் முழுப் பங்கையும் வாங்க நினைத்தால் என்ன கணக்கு? தகாஃபுல் செலவு யாருக்கு? “ஹலால்” என்ற பலகையைக் கண்டதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடக் கூடாது.

சாதாரண வங்கிக் கடன் எடுத்தவர்களுக்கும் இதே புத்திமதிதான். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கடன் வீதத்தை ஒரே நாளில் 7.5 வீதத்தில் இருந்து 14.5 வீதமாக உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அந்த வருடம் மாதத் தவணை எப்படி ஏறியது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்ட அன்று “இது மாறுமா?” என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? கேட்கச் சொல்லிக் கொடுக்க யார் இருந்தார்கள்?

எழுத்து

இனி இரண்டாமவர். இலங்கையில் காணி கைமாறுவதற்கு எழுத்து வேண்டும், நொத்தாரிசு வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இருந்து வருகிறது. வாய்ப்பேச்சில் காணி விற்க முடியாது. 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்படும். ஒரே காணியை ஒருவர் இரண்டு பேருக்கு விற்றால் பொதுவாக முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. உறுதியை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டுப் பதியாமல் விட்டவர், பின்னால் வாங்கி முன்னால் பதிந்தவரிடம் காணியை இழக்கலாம்.

ஆனால் ஒன்று. இந்தப் பதிவு, ஆவணத்தைப் பதிகிறதே தவிர, விற்றவர் உண்மையான சொந்தக்காரர் என்று அரசு உத்தரவாதம் கொடுப்பதில்லை. அந்த உத்தரவாதத்தைத் தருவதற்குத்தான் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் வந்தது, ‘பிம்சவிய’ என்று நாம் அறிவது. அது இன்னும் நாட்டின் பெரும்பகுதிக்கு வந்து சேரவில்லை. ஆகவே நம்மில் அதிகமானோர் வாங்குவது பழைய முறைக் காணி. தேடிப் பார்க்கும் பொறுப்பு வாங்குகிறவரின் தலையில்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 90களில் வாப்பா சவூதியில் ஆறு வருடம் உழைத்த காசில் ஒரு வீடு வாங்கினார். விற்றவர்கள் மூன்று சகோதரர்கள். அவர்களுடைய வாப்பா மௌத்தாகி, வீடு அவர்களுக்கு வந்தது என்று சொன்னார்கள். ஒரு சகோதரியும் இருந்ததை யாரும் சொல்லவில்லை. கல்யாணமாகி வேறு ஊரில் இருந்த அந்தப் பெண் இரண்டு வருடம் கழித்து வந்து, “எண்ட பங்கு எங்க?” என்று கேட்டார். வழக்கு ஒன்பது வருடம் போனது. கடைசியில் அவருடைய பங்குக்கு வாப்பா இரண்டாவது தடவை காசு கட்டினார். உம்மாவின் நகை அதில்தான் போனது.

சின்ன வயதில் அந்தப் பெண் மேல் எனக்கு அவ்வளவு கோபம். இப்போது யோசித்தால் அவர் கேட்டது நியாயம். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம்களின் மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படியும், அதற்கு எவ்வளவோ முன்பு வந்த குர்ஆன்படியும் மகளுக்குப் பங்கு உண்டு. நாங்கள் எங்களை அறியாமல் ஒரு பெண்ணின் ஹக்கில் குடியிருந்தோம். வாரிசுகளில் வயது வராத பிள்ளை இருந்தால் நீதிமன்ற அனுமதியும் வேண்டும். ஸஹ்ல், சுஹைல் கதையை ஞாபகத்தில் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

மூன்றாமவர்

வியாழக்கிழமை அந்த இளம் ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: “நாளைக்குக் காசு குடுக்காதீங்க. ஒரு கிழமை பொறுங்க.”

எங்கள் தெருவில் காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சிங்களப் பெரியவர் இருக்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போனோம். கட்டணம் கட்டி விண்ணப்பம் கொடுத்தால் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். பெரியவர் கண்ணாடியை இறக்கிவிட்டு விரலால் வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிப் பதிவில் விரல் நின்றது. ஈடு. நாலு வருடத்துக்கு முந்தியது. மீட்டதற்குப் பதிவு இல்லை.

புரோக்கரைக் கேட்டால், “அது சும்மா சேர், உங்கட காசு வந்ததும் கென்சல் பண்ணுவாங்க” என்றார். விற்கிறவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். கஷ்டத்தில் இருக்கிறார், இந்த முற்பணத்தில்தான் ஈட்டை மீட்க நினைத்திருக்கிறார். ஆனால் அந்த ஐந்து இலட்சம் ஈட்டுக்குப் போகாமல் வேறு கடனுக்குப் போயிருந்தால்? பெரியவர் வழி சொன்னார்: காசு ஈடு பிடித்தவருக்கு நேரடியாகப் போகட்டும், ஈட்டு விடுதலையும் விற்பனை உறுதியும் ஒரே நாளில், ஒரே மேசையில் எழுதப்படட்டும், அதை உங்கள் நொத்தாரிசு செய்யட்டும். இப்போது அந்த வழியில் பேச்சு நடக்கிறது.

யார் யாருக்காக வேலை செய்கிறார்கள் என்பதை இங்கே விளங்கிக்கொள்ள வேண்டும். புரோக்கருக்கு வியாபாரம் முடிந்தால்தான் காசு. வங்கியின் சட்டத்தரணி 30 வருட உரித்தைப் பார்ப்பார், ஆனால் அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக, அதுவும் நீங்கள் முற்பணம் கொடுத்து முடிந்த பிறகு. ஆகவே காசு கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு நொத்தாரிசைப் பிடியுங்கள். பதிவேடு, நில அளவைப் படம், பிரதேச சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ், வாரிசுகள் எத்தனை பேர், விற்பது முழுக் காணியா அல்லது பிரிக்கப்படாத பங்கா, இவற்றைப் பாருங்கள். முத்திரைத் தீர்வையையும் கணக்கில் எடுங்கள்: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 3 இலட்சத்து 99 ஆயிரம் ரூபாய். வீட்டு விலையை மட்டும் சேர்த்துக்கொண்டு வந்து இதில் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

திரும்பி வரும்போது பெரியவருக்கு ஏதாவது கொடுக்கப் பார்த்தார் இளம் ஆசிரியர். அவர் வாங்கவில்லை. பிளேன்டீ மட்டும் குடித்தார். குடித்துக்கொண்டே சொன்னார்: முப்பது வருடம் அந்தக் கந்தோரில் இருந்தேன், என்னிடம் வந்து அழுதவர்கள் எல்லோரும் காசு கொடுத்த பிறகு வந்தவர்கள், கொடுக்க முன்னால் வந்த முதல் ஆள் இந்த மகன்தான்.

அந்த வார்த்தைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற பதிவக உத்தியோகத்தர், வங்கி முகாமையாளர், நில அளவையாளர், கிராம உத்தியோகத்தர். நாம் அவர்களை ஜனாஸாவிலும் கல்யாண வீட்டிலும் கண்டு ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறோம். பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மஃரிபுக்குப் பிறகு, இப்படிப்பட்ட இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்த மதத்தவரானாலும் கூப்பிடுங்கள். வீடு வாங்கப்போகிறவர்கள் உறுதியின் கொப்பியோடு வரட்டும். பெண்களும் வரட்டும், உறுதி அவர்கள் பெயரிலும் எழுதப்படப் போகிறது. இதற்குக் கட்டடம் தேவையில்லை, நிதி சேர்க்கத் தேவையில்லை. பாயும் பிளேன்டீயும் போதும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. நாம் ஒருவருக்கொருவர் கடனுக்குப் பிணை நிற்கிறோம். கையெழுத்துப் போட முன் “எந்தக் காணி, யார் உறுதியைப் பார்த்தது?” என்று ஒரு கேள்வி கேட்டால் அதுவும் பிணை நிற்பதுதான்.

வாடகை வீட்டில் பிள்ளைகளோடு கஷ்டப்படும் எல்லோருக்கும் வல்ல அல்லாஹ் ஹலாலான, பிரச்சினை இல்லாத ஒரு வீட்டை நஸீபாக்கித் தருவானாக. எங்கள் இளம் ஆசிரியரின் விஷயமும் நல்லபடியாக முடிய துஆச் செய்யுங்கள்.

உங்கள் ஊரில் இப்படி உதவி செய்யக்கூடியவர்கள் இருந்தால், அவர்களிடம் கேட்டு, சம்மதித்தால் உங்கள் பள்ளி நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை யாரோ ஒருவர் எங்கேயோ முற்பணம் கொடுக்கப் போகிறார்.